தேடும் உரிமை தாய்க்கும் உண்டு

1939ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தை ஒட்டி ஓடும் மிசிசிப்பி ஆற்றின் கரையோரம் ஒரு படகு வீடு. அதில் அப்பா, அம்மா, ஐந்து பிள்ளைகள். அம்மாவுக்குப் பிரசவ வலி எடுக்கிறது. வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள். தன் கைக்கு அடங்காது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி ஒதுங்கிக்கொள்கிறாள். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள் என்று பன்னிரண்டு வயது மூத்தவளிடம் சொல்லிவிட்டு, கொட்டும் மழையில் மனைவியை அழைத்துக்கொண்டு போகிறான் கணவன். அதன் பின் அந்தப் படகுக்கு வருவது அப்பாவும் அம்மாவும் அல்ல, போலீஸ். ஐந்து பிள்ளைகளும் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குக் கொண்டுபோகப்படுகிறார்கள். அங்கே அவர்களுக்கு வேறு பெயர் வைக்கப்படுகிறது. பிறகு ஒவ்வொருவராக, பணம் கொடுத்தவர்களின் கைக்குப் போகிறார்கள்.

லிசா விங்கேட் எழுதி 2017இல் வெளிவந்த ‘பிஃபோர் வி வேர் யுவர்ஸ்’ நாவலின் ஒரு பாதி இது. மறுபாதி நம் காலத்தில், தென் கரோலைனா மாநிலத்தின் ஏய்க்கன் நகரத்தில் நடக்கிறது. செனட்டரின் மகளும் வழக்கறிஞருமான ஏவரி, முதியோர் இல்லம் ஒன்றில் மே என்ற தொண்ணூறு வயது மூதாட்டியைச் சந்திக்கிறாள். ஏவரியின் கையில் கிடக்கும், தும்பி உருவம் பதித்த வளையலைப் பார்த்ததும் மூதாட்டி நிலைகொள்ளாமல் போகிறாள். அது ஏவரியின் பாட்டியுடைய வளையல். பாட்டிக்கோ நினைவு மங்கிக்கொண்டே போகிறது. ஓர் அத்தியாயம் அன்று, ஓர் அத்தியாயம் இன்று என்று கதை மாறி மாறி நகர்ந்து, பேத்தியின் கேள்வியும் படகில் பிரிந்த பிள்ளைகளின் கதியும் கடைசியில் ஓரிடத்தில் வந்து சேர்கின்றன.

இந்த நாவல் லட்சக்கணக்கில் விற்றது. அந்த ஐந்து பிள்ளைகள் கற்பனை. ஆனால் அவர்களை அடைத்துவைத்த நிறுவனம் கற்பனை அல்ல. அதை நடத்திய பெண்மணி நாவலுக்குள் தன் சொந்தப் பெயரோடு, ஜார்ஜியா டான் என்ற பெயரோடுதான் வருகிறார்.

டென்னசி குழந்தைகள் இல்லச் சங்கத்தின் மெம்ஃபிஸ் கிளையை 1924 முதல் 1950 வரை தன் கைக்குள் வைத்திருந்தவர் டான். மிசிசிப்பி மாநிலத்து நீதிபதி ஒருவரின் மகள். அவர் காலத்தில் சுமார் 5,000 பிள்ளைகள் அந்த இல்லத்தின் வழியே கைமாறினார்கள் என்றும், ஏறத்தாழ 500 பிள்ளைகள் பராமரிப்பின்றி இறந்தார்கள் என்றும் மதிப்பிடப்படுகிறது. மதிப்பீடு என்றுதான் சொல்ல முடியும். ஏனென்றால், ஏடுகளைத் திருத்துவதும் அழிப்பதும் அந்தத் தொழிலின் ஒரு பகுதியாக இருந்தது. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோரின் குலம் கோத்திரம் எல்லாம் வாங்குபவருக்கு ஏற்றபடி எழுதப்பட்டன. கூலிக்காரர் மகள் காகிதத்தில் கல்லூரி மாணவியின் மகளாக மாறினாள்.

பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள்? சிலர் வறுமையால் ஒப்படைக்கப்பட்டவர்கள். வேலை கிடைக்கும்வரை கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டு, திரும்பி வந்தபோது பிள்ளை இல்லாமல் போனவர்களும் உண்டு. ஏழைகள் வாழும் வீதிகளில், வீட்டு வாசலில் விளையாடிய பிள்ளைகள் காரில் ஏற்றிச் செல்லப்பட்டார்கள். பிரசவ மயக்கம் தெளியாத பெண்களிடம், ஆஸ்பத்திரிக் காகிதம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கப்பட்டது. குழந்தை இறந்தே பிறந்தது என்று சொல்லி, சடலத்தைக்கூடக் காட்டாமல் அனுப்பப்பட்ட தாய்மார்கள் இருந்தார்கள். வழக்குக்குப் போனவர்களுக்கும் வழி இல்லை. ஷெல்பி மாவட்டச் சிறார் நீதிமன்ற நீதிபதி கமில் கெல்லி, பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து டானின் பொறுப்பில் ஒப்படைக்கும் உத்தரவுகளில் கையெழுத்திட்டுக்கொண்டே இருந்தார். நகரத்தின் அரசியலை ஆட்டிவைத்த எட்வர்ட் கிரம்ப்பின் நிழல் இருவர் மீதும் இருந்தது. நாளிதழில் கிறிஸ்துமஸ் சமயத்தில் குழந்தைகளின் படம் போட்டு, பரிசுப்பொருளைப் போல விளம்பரம் வந்தது. நகரத்துப் பெரிய மனிதர்கள் அதைத் தர்ம காரியமாகவே பார்த்தார்கள்.

மாநிலத்துக்குள் தத்துக் கொடுத்தால் கட்டணம் சுமார் 7 டாலர். நியூயார்க்குக்கோ கலிஃபோர்னியாவுக்கோ அனுப்பினால் 700 டாலருக்கும் மேல்; சில பிள்ளைகளுக்குப் பல ஆயிரம். பெரும்பாலான பிள்ளைகள் அந்த இரண்டு மாநிலங்களுக்கே போனது ஏன் என்பதற்கு இந்தக் கணக்கே பதில். நடிகை ஜோன் கிராஃபோர்ட் இரட்டைப் பெண்களைத் தத்தெடுத்தது இந்த இல்லத்தின் வழியாகத்தான். பொன்னிற முடியும் நீலக் கண்ணும் உள்ள பிள்ளைகளுக்குக் கிராக்கி அதிகம். நோயாளிப் பிள்ளைகளுக்கு மருந்துகூட இல்லை. 1945இல் வயிற்றுப்போக்கு பரவி, சில மாதங்களுக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். மெம்ஃபிஸின் எல்ம்வுட் இடுகாட்டில் அந்த இல்லத்தின் குழந்தைகள் 19 பேர் பெயர்க்கல் ஏதுமின்றிப் புதைக்கப்பட்ட இடத்தில், 2015இல்தான் ஒரு நினைவுக்கல் நடப்பட்டது.

1948 தேர்தலில் கிரம்ப்பின் பிடி தளர்ந்து, அவருக்கு எதிரணியில் இருந்த கார்டன் பிரவுனிங் ஆளுநர் ஆனார். அரசியல் காற்று மாறிய பிறகே விசாரணை வந்தது. 1950 செப்டம்பர் 12 அன்று டானின் மோசடியைப் பற்றி ஆளுநர் பத்திரிகையாளர்களிடம் பேசினார். மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 15 அன்று, டான் புற்றுநோயால் இறந்தார். நீதிபதி கெல்லி பதவி விலகினார். இல்லம் மூடப்பட்டது. யாரும் சிறைக்குப் போகவில்லை. அரசு விசாரித்தது முக்கியமாகப் பணம் எங்கே போனது என்பதைத்தான். பிள்ளைகளைத் தேடிப் பிடித்துத் தாயிடம் சேர்ப்பிக்க அது முயலவில்லை. மறு ஆண்டு, 1951இல், டென்னசியில் தத்தெடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு, தத்துக் கோப்புகள் முத்திரையிட்டுப் பூட்டப்பட்டன. டானின் இல்லத்துக் கோப்புகள் 1995இல்தான் தத்துக் கொடுக்கப்பட்டவர்களுக்குத் திறக்கப்பட்டன.

இந்த நாற்பத்து நான்கு ஆண்டுப் பூட்டுதான் விங்கேட்டின் நாவலை இரண்டு காலங்களாகப் பிளக்கிறது என்பது என் வாசிப்பு. இப்போதெல்லாம் அன்றும் இன்றுமாகக் கதை சொல்வது வணிக நாவல்களின் வழக்கமாகிவிட்டது; பல நூல்களில் அது வெறும் உத்தி. பழைய கடிதம் ஒன்று பரணில் கிடைக்கும், பேத்தி ஊர் ஊராய்ப் போவாள், கடைசியில் உண்மை தெரியும். இந்த நாவலில் அந்த வடிவத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது. பிள்ளை விற்கப்பட்ட கணத்தில் அந்த உயிருக்கு இரண்டு வாழ்க்கை வரலாறுகள் உண்டாகிவிடுகின்றன. ஒன்று நடந்தது, மற்றது எழுதப்பட்டது. இரண்டையும் ஒரே ஆள் ஒருசேரப் பார்க்க முடியாதபடி அரசே நடுவில் சுவர் எழுப்பிவிட்டது. அந்தச் சுவருக்கு இப்புறமும் அப்புறமும் மாறி மாறி நின்றால் ஒழிய இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

டோனி மாரிசன் 1987இல் எழுதிய ‘பிலவ்ட்’ நாவலும் தாய்மையையும் இழப்பையும் பற்றியதுதான். அடிமைத்தனத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது என்று தன் குழந்தையைத் தானே கொன்ற மார்கரெட் கார்னர் என்ற பெண்ணின் 1856ஆம் ஆண்டுச் சம்பவம் அதற்கு விதை. மாரிசன் காலத்தை அத்தியாயமாகப் பிரித்துக் கட்டவில்லை. இறந்தகாலமே ஒரு பெண்ணாக நடந்துவந்து வீட்டுக்குள் குடியேறிவிடுகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். மாரிசன் வேறு உயரம். ஆனாலும் ஒரு விஷயத்தில் ஒப்பிட்டே ஆக வேண்டும். மாரிசனின் நாவலில் தாய் நடுவில் நிற்கிறாள். அவள் செய்ததற்கும் இழந்ததற்கும் அவளே முகம் கொடுக்கிறாள். விங்கேட்டின் நாவலில் தாய் எங்கே?

படகு வீட்டுத் தாயின் பெயர் குவீனி. அவள் பேசும் அத்தியாயம் ஒன்றுகூட இல்லை. பழைய காலத்தைச் சொல்பவள் மகள், புதிய காலத்தைச் சொல்பவள் பேத்தி தலைமுறைப் பெண். இல்லத்திலிருந்து பிரிந்து, பின்பு வளர்ப்புப் பெற்றோர் வீட்டிலிருந்தும் தப்பி, மகள் ஆற்றைத் தேடி வந்து சேரும்போது குவீனி உயிரோடு இல்லை. தகப்பன் குடித்துச் சிதைந்து கிடக்கிறான். தாயை இப்படிச் சாகடித்துவிடுவது கதைக்கு வசதி. அவள் இருந்திருந்தால் மகள் வளர்ப்பு வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்க முடியாது. வளர்ப்பு வீட்டில் அன்பு கிடைத்ததை வாசகர் நிம்மதியாக ஏற்றுக்கொண்டிருக்கவும் முடியாது. வளர்ப்புத் தாயின் துயரத்துக்கோ நாவல் தாராளமாக இடம் தருகிறது. அதன் முன்னுரைக் காட்சியே பால்டிமோரில், பிரசவத்தில் குழந்தையை இழந்த வசதியான ஒரு பெண்ணின் ஆஸ்பத்திரி அறையில்தான் தொடங்குகிறது. மெம்ஃபிஸில் ஒரு பெண்மணி இருக்கிறார் என்று மருத்துவர் சொல்கிறார். அந்தத் துயரமும் உண்மையானது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. தத்தெடுத்தவர்களில் பெரும்பாலோர் ஏமாற்றப்பட்டவர்களே. ஆனால் ஒரு பெண்ணின் வெறுமடியை நிரப்பும் விதமாக இன்னொரு பெண்ணின் மடி காலியாக்கப்பட்டிருக்கிறது என்னும்போது, காலியான மடிக்காரிக்குப் பேச ஓர் அத்தியாயமாவது வேண்டும் அல்லவா?

உண்மையில் அந்தத் தாய்மார்கள் எல்லோரும் குவீனியைப் போல உடனே செத்துப்போகவில்லை. 1940-களின் நடுவில் மெம்ஃபிஸில் இருந்த ஓர் இளம் தாயின் கதை பின்னாளில் வெளிவந்தது. கைக்குழந்தைக்கு உடம்பு சரியில்லை. வீட்டுக்கு வந்த டான், ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்கிறார். தாயிடம் காசில்லை. என் பொறுப்பில் இருப்பதாகக் காட்டினால் இலவசமாகப் பார்ப்பார்கள் என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார். சில நாளில், குழந்தை இறந்துவிட்டது என்று சேதி வருகிறது. அந்தப் பெண் அதை நம்பவில்லை. யார் யாரிடமோ போய் நின்றாள். யாரும் வாய் திறக்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1980-களின் இறுதியில், துலங்காத மர்மங்களைப் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் டானின் புகைப்படம் காட்டப்படுகிறது. கிழவியாகிவிட்ட தாய் அந்த முகத்தை அடையாளம் கண்டுகொள்கிறாள். தன்னார்வலர்கள் உதவினார்கள். மகள் கிடைத்தாள்.

நாற்பது ஆண்டு காத்த இந்தப் பெண்ணை நாயகியாக வைத்து ஒரு நாவல் எழுதினால் அது எப்படி இருக்கும்? அன்று, இன்று என்ற இரண்டு காலம் அதில் இருக்காது. இறந்துவிட்டது என்று சொல்லப்பட்ட பிள்ளை எங்கோ வளர்கிறது என்று வயிறு சொல்ல, கேட்க ஆளில்லாமல் கடந்த நாற்பது ஆண்டும் ஒரே காலம். வேறு பிள்ளைகள் பிறந்திருப்பார்கள். சமைத்திருப்பாள், வேலைக்குப் போயிருப்பாள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வயதைக் கூட்டிப் பார்த்திருப்பாள். அன்று இன்று நாவல்கள் தாண்டிக் குதிப்பது துல்லியமாக இந்த நடு வருஷங்களைத்தான். ஓர் அத்தியாயம் முடிந்து பக்கத்தைப் புரட்டினால் எழுபது ஆண்டு போய்விடுகிறது. வாசகருக்கு அது சுவாரசியம். மர்மம் என்று நாம் சொல்வது பேரப்பிள்ளைகளுக்குத்தான் மர்மம். அவளுக்கு அது தினசரி.

கோப்புகள் திறந்த ஆண்டை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1939இல் இருபது வயதில் பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு 1995இல் 76 வயது. 1925இல் பறிகொடுத்தவளுக்கு 90. நாவலின் வெற்றிக்குப் பிறகு, டானின் இல்லத்து வழியே போன பிள்ளைகள் பலரும் நாவலாசிரியரைத் தொடர்புகொண்டார்கள். 2018இல் மெம்ஃபிஸில் ஒரு சந்திப்பு நடந்தது. ஜூடி கிறிஸ்டி என்ற பத்திரிகையாளரோடு சேர்ந்து விங்கேட் அந்த நிஜக் கதைகளைத் தொகுத்து, ‘பிஃபோர் அண்ட் ஆஃப்டர்’ என்று 2019இல் வெளியிட்டார். அந்தச் சந்திப்புக்கு வந்த பிள்ளைகளே எழுபது, எண்பது வயதுக்காரர்கள். தாய்மார்களைக் கல்லறையில்தான் தேட வேண்டியிருந்தது. அரசுகள் உண்மையை மறுப்பதில்லை. தாய் சாகும்வரை ஒத்திப்போடுகின்றன. பேத்தி தேடிக் கண்டுபிடிக்கும் கதைகளை நாம் இவ்வளவு விரும்பிப் படிப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று நினைக்கிறேன். பேத்திக்கு உண்மை கிடைக்கும்போது யாரும் எதையும் திருப்பித் தர வேண்டியிருக்காது.

தேடல் தாயின் பக்கத்திலிருந்தே தொடங்கிய நாடு ஒன்று இருக்கிறது. அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை நடந்த ராணுவ ஆட்சியில், கடத்தப்பட்ட கர்ப்பிணிகள் சிறைக்கூடங்களில் பிள்ளை பெற்றார்கள். பிறகு அவர்கள் கொல்லப்பட்டார்கள். பிள்ளைகள் ராணுவத்தாருக்கும் அவர்களுக்கு வேண்டியவர்களுக்கும் கொடுக்கப்பட்டார்கள். அப்படிப் போனவர்கள் சுமார் 500 பேர் என்று அந்தப் பிள்ளைகளின் பாட்டிமார்கள் கணக்கிட்டார்கள். 1977இல் அவர்கள் சேர்ந்து அமைத்த ‘பிளாசா தே மாயோ பாட்டிமார்கள்’ சங்கம், காத்திருப்பதைத் தேடலாக மாற்றியது. பெற்றோர் இருவரும் இல்லாதபோது பாட்டியின் ரத்தத்தை வைத்துப் பேரப்பிள்ளையை அடையாளம் காண முடியுமா என்று விஞ்ஞானிகளிடம் போய்க் கேட்டார்கள். மேரி கிளேர் கிங் உள்ளிட்ட மரபணு ஆய்வாளர்கள் அதற்கு வழி கண்டார்கள். 1987இல் அர்ஜென்டினா அரசு தேசிய மரபணு வங்கியைச் சட்டத்தின் மூலம் நிறுவியது. பாட்டிகள் தங்கள் ரத்த மாதிரியை அங்கே விட்டுவிட்டார்கள். தாங்கள் இறந்துபோனாலும், பேரப்பிள்ளை என்றைக்கு வந்து கேட்டாலும் பதில் இருக்க வேண்டும் என்பதற்காக. 2025 வரையில் 140 பேர் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறார்கள். குழந்தைகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையில், தன் அடையாளத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்று சொல்லும் எட்டாவது பிரிவு இடம்பெற்றதில் இந்தப் பாட்டிகளின் பங்கு பெரிது.

மெம்ஃபிஸுக்கும் புவனோஸ் ஐரிஸுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். மெம்ஃபிஸில் கோப்பின் சாவி அரசிடம் இருந்தது; அர்ஜென்டினாவில் சாவியின் ஒரு பாதியையாவது பறிகொடுத்தவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. இலங்கையிலிருந்து 1970-களிலும் 80-களிலும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். குழந்தைகளைச் சேர்த்துவைத்து விற்ற இடங்கள் குழந்தைப் பண்ணைகள் என்றே அழைக்கப்பட்டன. 2017இல் டச்சுத் தொலைக்காட்சி ஒன்று இதை அம்பலப்படுத்தியதும், இலங்கையின் சுகாதார அமைச்சரே அப்படி நடந்ததை ஒப்புக்கொண்டார். நெதர்லாந்து ஒரு விசாரணைக் குழு அமைத்து, அதன் அறிக்கை வந்த 2021 பிப்ரவரியில் வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்திவைத்தது. அந்த விவகாரத்தில் வெளிவந்தவற்றில் என்னை மிகவும் உலுக்கியது, தாயாக நடிக்கக் கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண்கள். நீதிமன்றத்திலும் வளர்ப்புப் பெற்றோர் முன்னாலும் குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவள் அதைப் பெற்றவள் அல்ல. முப்பது ஆண்டு கழித்து மகள் கோப்பைப் பிடித்துக்கொண்டு கொழும்புக்கு வருகிறாள். கோப்பில் உள்ள பெயர்க்காரியைக் கண்டும் பிடிக்கிறாள். மரபணுச் சோதனை பொருந்தவில்லை. நாவலில் இப்படி ஒரு திருப்பம் வந்தால் செயற்கை என்போம். இங்கே பிள்ளைக்குக் கோப்பைத் திறந்துவிட்டாலும் பயனில்லை. பறிகொடுத்த தாய் முன்வந்து, என் பிள்ளை போயிற்று என்று பதிவு செய்தால் ஒழிய அந்த இருவரும் சந்திக்க வாய்ப்பே கிடையாது.

சென்னையில் 2005இல் காவல் துறை துலக்கிய வழக்கை மறந்திருக்க மாட்டோம். 1990-களின் இறுதியில் புளியந்தோப்பு போன்ற பகுதிகளின் தெருக்களிலிருந்து கடத்தப்பட்ட பிள்ளைகள், போலிக் காகிதங்களோடு தத்து நிறுவனம் ஒன்றின் வழியே வெளிநாடுகளுக்குப் போயிருந்தார்கள். அந்தப் பெற்றோர்கள் யாரும் பிள்ளையைக் கைவிட்டவர்கள் அல்ல. காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்தார்கள். கடல் கடந்த குடும்பங்களுக்கு எழுதினார்கள். இங்கே மர்மம் ஏதும் புதைந்து கிடக்கவில்லை. பெற்றவர்கள் வாய்விட்டுக் கத்திக்கொண்டே இருந்தார்கள். 2019இல் நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தில், ஓய்வுபெற்ற செவிலியர் உதவியாளர் ஒருவர் பச்சிளங்குழந்தைகளுக்கு விலை சொல்லும் ஒலிப்பதிவு வெளியானது. முப்பது ஆண்டுகளாக இந்தத் தொழில் செய்வதாக அவர் அதில் சொன்னார். ஆணா பெண்ணா, சிவப்பா கறுப்பா, எடை எவ்வளவு என்பதைப் பொறுத்து விலை. பிறப்புச் சான்றிதழுக்குத் தனித் தொகை. மெம்ஃபிஸில் நீலக் கண்ணுக்கு இருந்த கிராக்கி, ராசிபுரத்தில் சிவப்புத் தோலுக்கு இருந்தது.

கைது நடந்தது, சிபிசிஐடி விசாரணை நடந்தது. முப்பது ஆண்டுகளில் பிள்ளையைக் கொடுத்த பெண்களைத் தேடிப் போய், நீ மனமறிந்துதான் கொடுத்தாயா, உன்னிடம் என்ன சொல்லி வாங்கினார்கள் என்று யாராவது கேட்க வேண்டாமா? அவர்களில் பலர் கொல்லிமலையையும் சுற்றுக் கிராமங்களையும் சேர்ந்த ஏழைப் பெண்கள். விற்றாள் என்ற ஒரு சொல்லில் அவர்கள் கதை முடிந்துவிட்டது.

இந்தியச் சட்டம் இதில் முழுக்க வெறுமையாக இல்லை. சிறார் நீதிச் சட்டம் 2015, பிள்ளையை ஒப்படைக்கும் தாய்க்கு மனம் மாற 60 நாள் அவகாசம் தருகிறது. தத்தெடுப்பு ஒழுங்குமுறை விதிகளில், தத்துப் பிள்ளை வளர்ந்தபின் தன் பிறப்பைப் பற்றி அறிய ‘வேர் தேடல்’ என்ற ஏற்பாடும் இருக்கிறது. ஆனால் அந்த ஏற்பாடு பிள்ளையின் பக்கமிருந்தே எழுதப்பட்டது. அறுபத்தொன்றாம் நாளிலிருந்து தாய் ஒரு ரகசியமாகிவிடுகிறாள். அவளைக் காப்பதற்காகத்தான் அந்த ரகசியம் என்பது சட்டத்தின் வாதம். காக்கப்பட வேண்டியவள் அவள்தான் என்றால், அந்த ரகசியத்தை விலக்கிக்கொள்ளும் உரிமையும் அவளிடம்தானே இருக்க வேண்டும்?

1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தையும் இதோடு சேர்த்து யோசிக்கிறேன். அது திருட்டு அல்ல. பெண் சிசுக் கொலையிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்ற வந்த திட்டம். பெயர் சொல்லாமல் விட்டுப் போகலாம் என்பதுதான் அதன் உயிர்நாடி. அந்தக் காலத்துக் குழந்தைகளுக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல். அவர்களை விட்டுப் போனவர்களுக்கு ஐம்பது, அறுபது. பலர் இன்னும் அதே ஊர்களில் இருக்கக்கூடும். மாமியாரின் சொல்லுக்கும் கணவனின் அடிக்கும் பயந்து அன்றைக்கு விட்டுப் போனவள், இன்றைக்கு அந்தப் பிள்ளை பிழைத்ததா என்று மட்டும் தெரிந்துகொள்ள விரும்பினால் யாரிடம் போய்க் கேட்பாள்?

நான் கேட்பது பெரிய ஏற்பாடு அல்ல. ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. பிள்ளையை இழந்த, கொடுத்த, ஏமாந்த எந்தத் தாயும் அங்கே வந்து தன் வாக்குமூலத்தையும், விரும்பினால் மரபணு மாதிரியையும் பதிந்துவைக்க ஒரு தனிப் பதிவேடு வேண்டும். பதிந்ததற்காக அவள் மேல் வழக்குப் போடக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வேர் தேடி வருகிறவரின் கோப்பும் இந்தப் பதிவேடும் ஒன்றோடொன்று ஒப்பிடப்பட வேண்டும். அவள் இறந்துபோனாலும் அந்தப் பதிவு அழிக்கப்படக் கூடாது. இதற்குச் சட்டத்திருத்தம் வேண்டும். அரசு விரும்பினால் முதலில் ஓர் அரசாணையாகக்கூடத் தொடங்கலாம்.

உடனே எழும் ஆட்சேபம் எனக்குத் தெரியும். கணவனுக்குத் தெரியாமல் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் புது வாழ்க்கை அமைத்துக்கொண்டவளின் கதவை யாராவது வந்து தட்டினால் என்ன ஆகும்? நியாயமான அச்சம். அதனால்தான் பதிவேடு அவளாக விரும்பி வருவதாக இருக்க வேண்டும். அவளைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பதாக இருக்கக் கூடாது. டென்னசி மாநிலமே இதை யோசித்தது. கோப்புகளைத் திறந்தபோது, பெற்றவர்கள் என்னைத் தொடர்புகொள்ளாதே என்று பதிந்துவைக்கவும் சட்டத்தில் வழி செய்தது. அப்படியும், கோப்புகளைத் திறக்கும் அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1999இல் டென்னசி உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. வேண்டாம் என்று எழுதிவைக்க ஒரு தாளைத் தாய்க்குக் கொடுக்க முடிகிற அரசு, வேண்டும் என்று எழுதவும் ஒரு தாள் கொடுக்கலாம்.